உச்சிவேளைச் சிவப்புக் கை

ரொம்பக் காலத்துக்கு முன்னே செம்மண்கோட்டையை ஒரு ராசா ஆண்டுவந்தார். காலையில் தலையை வாங்கச் சொன்ன ஆளுக்கே சாயங்காலம் மாலை போடுகிற குணம் அவருக்கு.

அந்தக் கோட்டையில் உச்சி வெயிலில், ஆளில்லாத நேரம் பார்த்து, வீட்டுக் கதவில் ஒரு சிவப்புக் கை பதியும். ஈரம் காயாத கை. பதிந்த வீட்டுச் சனங்கள் பொழுது சாய்வதற்குள் பிள்ளைகுட்டியோடு ஓடிவிடுவார்கள். இப்படியே பன்னிரண்டு வீடு பாழாகி, கதவு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"சாயம் தோய்க்கிற சடைச்சிதான் பேயை ஏவுறா. அவ கையே சிவப்பு, மகாராசா!" என்றார் தளவாய் கொழுந்தப்பர்.

"வெள்ளிக்கிழமை அவளை உயிரோடு புதைங்க!" என்றார் ராசா.

ஊர்க்காவல் பார்த்த தலையாரி மாசானத்துக்கு அது சரியாகப் படவில்லை. அவனுக்கும் பேய்ப் பயம் உண்டு. இருந்தாலும் ஓடிப்போனவர்களைத் தேடிப்பிடித்து, எந்த வீடு, எந்த நாள், அப்போ எங்கே இருந்தீங்க என்று ஒவ்வொருவராய்க் கேட்டான்.

"என்னய்யா தலையாரி, பேய் கல்யாணத்துக்கு ஆள் சேர்க்கிறியா?" என்று தளவாய் நக்கலடித்தார்.

வியாழன் காலையில் மாசானம் ராசாவைத் தனியே பார்த்து, தரையில் சுண்ணாம்பால் கோட்டையை வரைந்தான். பாழான வீட்டுக்கு ஒன்றாய்ப் புளியங்கொட்டை வைத்தான். அத்தனையும் நூல் பிடித்தாற்போல் நின்றன.

ராசாவுக்குப் புல்லரித்தது. "பேய் நடந்த தடமாடா?"

"ஆத்துல தொடங்கி, தளவாய் மாந்தோப்புல முடியுது. இந்த வீடெல்லாம் போனா ஆத்துத் தண்ணி தோப்புக்கு வர நேர் வழி. பேய்க்கு எதுக்கு மகாராசா வாய்க்கால்? தளவாய் தண்டோரா போடச் சொன்ன நாள்லதான் கையும் விழுந்திருக்கு. ஊரே அப்போ சந்தியில நிக்கும். தோப்போரத்துல இன்னும் ஒரு வீடுதான் பாக்கி. இன்னிக்குத் தண்டோரா."

உச்சிவேளையில் அந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் இரண்டு பேரும் மூச்சடக்கி நின்றார்கள். வெளியே காலடி. நின்றது. சொத்தென்று ஈரக் கை ஒன்று கதவில் விழுந்தது. ராசா மாசானத்தைக் கட்டிக்கொண்டார். மாசானம் படாரென்று திறந்தான்.

மணிக்கட்டுவரை சாயத்தோடு தளவாய்!

"வீடுதானே வேணும்? தோப்போரத்து வீட்டுல தனியாக் கிட!" என்றார் ராசா.

தளவாய் காலில் விழுந்தார். "அங்கே மட்டும் வேண்டாம் மகாராசா! நான் கை வச்சப்போ, அதே இடத்துல உள்ளேயிருந்தும் ஒரு கை..."

ராசா விழுந்து விழுந்து சிரித்தார். மாசானம் சிரிக்கவில்லை; அந்த நேரம் அவர்கள் இரண்டு பேர் கையும் கதவைத் தொடவே இல்லை.

சடைச்சி கட்டவிழ்ந்து வீடு போனாள். மாசானம் தளவாய் ஆனான். ஓடிய சனங்களும் திரும்பினார்கள். பழைய தளவாயைப் பூட்டிவைத்த தோப்போரத்து வீட்டில் மட்டும் உச்சிவேளையில் உள்ளேயிருந்து கதவு தட்டும். அவர்தான் தட்டுகிறார் என்று ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.