வேம்புவளநாட்டு நாய்

முன்னொரு காலத்தில், பெரிய பேரரசு ஒன்று உடைந்து சிதறியபின், அதில் ஒரு துண்டைக் கோமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நினைத்தது நினைத்த நொடியில் நடக்க வேண்டும் அவனுக்கு. அவன் நாட்டின் மேற்கு மூலையில் இருந்தது வேம்புவளநாடு. பேரரசுக் காலத்தில் அங்கே முரசறைந்து தலை எண்ணுவார்கள். எண்ணியதும் வீட்டுக்கு ஓர் ஆளைப் போருக்குப் பிடித்துப் போவார்கள். போனவர் திரும்பியதில்லை.

"அங்கே எத்தனை குடிகள்?" என்று கோமாறன் கேட்டான்.

சேனாபதி மாவலிராயர் முரசோடும் குதிரைகளோடும் போய், நொண்டிக்கொண்டு திரும்பினார்.

"ஈ காக்கை இல்லை, மகாராஜா. கொளுத்திச் சமப்படுத்தி எனக்குக் கொடுங்கள். குதிரை மேய்க்கிறேன்."

அதைக் கேட்டு அமைச்சர் ஐயாறன் எழுந்தார். அவருடைய தாய் அந்த மண்ணில் பிறந்தவள். முரசு கேட்டால் ஊரே மலைக்குகைக்கு ஓடிவிடும் என்று சொல்லியிருக்கிறாள். குரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நாய்களை மட்டும் வீட்டில் விட்டுவிடுவார்களாம். இப்போது ஆள் இல்லை என்றால் தீ. ஆள் உண்டு என்றால் மறுபடியும் ஆள்பிடிப்பு.

"ஆட்கள் இருக்கிறார்கள், மகாராஜா."

"அடடா! மெத்தையில் சாய்ந்தபடியே பார்த்துவிட்டார் அமைச்சர்" என்றார் மாவலிராயர்.

ராஜாவின் முகம் இறுகியது. "சபை கலைவதற்குள் நிரூபியும். நிரூபித்தால் கேட்டதைத் தருவேன். இல்லையென்றால் உம் தலை."

ஐயாறன் சேனாபதியின் காலைப் பார்த்தார்.

"காலில் என்ன கட்டு, ராயரே?"

"காட்டு நாய் கடித்தது. அதற்கென்ன?"

"காட்டிலா?"

"ஒரு குடிசை வாசலில்."

"துரத்தி வந்ததா?"

"இல்லை. நான் படியிறங்கியதும் திரும்பிப் போய் வாசலிலேயே படுத்துக்கொண்டது."

"எலும்பும் தோலுமாக இருந்திருக்குமே, பாவம்."

"எலும்பா? கன்றுக்குட்டி மாதிரிக் கொழுத்த சனியன் ஐயா அது!"

சொன்ன பிறகுதான் ராயருக்கு உறைத்தது. சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வாசலைக் காக்கிற நாய், மகாராஜா. யாரோ வேளாவேளைக்குச் சோறு வைக்கிறார்கள்."

கோமாறன் எழுந்து நின்றான். "அப்படியானால் ஒளிந்திருக்கிறார்கள்! பிடித்து எண்ணுங்கள்!"

ஐயாறன் ஓரடி முன்னால் வந்தார். "என் பரிசை இன்னும் கேட்கவில்லை. அங்கே முரசு ஒலிக்கக் கூடாது. ஒருவரையும் எண்ணக் கூடாது."

"எண்ணாமல் எப்படி ஆள்வது?"

"பேரரசு எண்ணித்தான் ஆண்டது, மகாராஜா. இப்போது பேரரசு இல்லை. ஓடி ஒளிந்தவர்கள் இருக்கிறார்கள்."

ராஜாவின் கை வாளின் பிடிக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தளர்ந்தது.

"கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். முரசு வேண்டாம்" என்றான். பிறகு திரும்பினான். "ராயரே, நீர் மட்டும் மறுபடி போகிறீர். குதிரை இல்லாமல், வாள் இல்லாமல், கையில் ஒரு சோற்று மூட்டையோடு."

"எதுவரைக்கும், மகாராஜா?"

"அந்த நாய் உம்மைப் பார்த்து வாலாட்டும்வரைக்கும்."