கை மாறிய துப்பாக்கி

ஒரே ஒரு வார்த்தையைக் காதால் கேட்பதற்காக ஒரு மனிதர் எவ்வளவு தூரம் மலையேறுவார், சொல்லுங்கள் பார்ப்போம்?

கோதண்டபாணி அறுபது வயதில் ஏறினார். முழங்கால் வலி வேறு. தோளில் உறை போட்ட துப்பாக்கி. மேலே ஓட்டு வீட்டில் தனியாக இருந்த உமையாள் அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் அவர் குருவென்று வரித்தது அவளைத்தான்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், கை நிற்கவில்லை.

"வாங்கய்யா. என்ன, வேட்டைக்கா?"

"வேட்டையை விட்டு எத்தனையோ வருஷமாச்சும்மா. மிச்சமிருக்கிற இந்த ஒண்ணையும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"சீராளன் செத்ததுக்கு நான் காரணமா?"

முறம் நின்றது.

சீராளன் பள்ளிக்கூட நாளிலிருந்து அவருக்குக் கூட்டாளி. இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், பழைய அமெரிக்கத் துப்பாக்கிகள். அந்தக் காலத்தில் கொடைக்கானல் மலைக்கு வந்த பாதிரிமார் பன்றி சுடவும் குறி பார்த்துப் பழகவும் கொண்டுவந்து, போகும்போது விட்டுப்போனவை. மற்றவர்கள் காடு வாங்கித் தோட்டம் போட்டார்கள். இவர்கள் துப்பாக்கி வாங்கி எண்ணெய் போட்டார்கள். துப்பாக்கியின் பின்கட்டையில் ஓடுகிற மர ரேகையைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். அதன்மேல் புது வார்னிஷ் அடித்த புண்ணியவானை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள்.

"என் கன்னத்தை ஒரு நாளாவது இப்படித் தடவியிருந்தா நான் ஏன் சண்டைக்கு வரப்போறேன்?" என்பாள் சீராளன் மனைவி பூரணம்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. துப்பாக்கியைக் கொடுக்கிறவர் திறந்து காட்டிக் கொடுக்கவேண்டும். வாங்குகிறவர், அதைக் கண்ணாலேயே பார்த்திருந்தாலும், தானும் ஒருதரம் திறந்து பார்க்கவேண்டும். அதில் யாருக்கும் கோபம் வரக்கூடாது.

"அன்னைக்கு என்னதான் நடந்தது?" என்றாள் உமையாள்.

"புதுசா ஒண்ணு வாங்கியிருந்தேம்மா. நூறு வருஷத்துத் துப்பாக்கி. தோட்டா ஏத்துற லிவரை இழுத்து இழுத்து விட்டேன், வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. 'பாத்தியாடா'ன்னு அவன் கையில கொடுத்தேன்."

"திறந்து காட்டினீங்களா?"

"காலையிலேயே நான் பாத்தேன். காலியாத்தான் இருந்தது. குழலுக்கு அடியில தோட்டா நிரப்புற குழாயில, பழைய கிரீஸ்ல ஒரு தோட்டா ஒட்டிக்கிட்டு நின்னுருக்கு. லிவரை ஆட்டின ஆட்டுல கழண்டு உள்ளே ஏறிடுச்சு."

"அவர் திறந்து பாக்கலையா?"

கோதண்டபாணி முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டார். பிறகுதான் பேசினார்.

"லிவர்ல கை வச்சான். 'என் மேல நம்பிக்கை இல்லையாடா'ன்னேன். சிரிச்சுக்கிட்டே கையை எடுத்துட்டான்."

"அப்புறம்?"

"கட்டையைத் தரையில ஊனிக்கிட்டு, தோட்டாவை அடிக்கத் தூக்கி நின்ன குதிரையை மெல்ல இறக்கப் போனான். கட்டைவிரல் வழுக்கிடுச்சு. குழல் வாய் அவன் தாடைக்குக் கீழே..."

அவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பூரணத்துகிட்ட என்ன சொன்னீங்க?"

"கையில வாங்கினவன் திறந்து பாக்கலைன்னேன். ஸ்டேஷன்லயும் அதைத்தான் சொன்னேன். அது பொய்யில்லையேம்மா."

"அவ என்ன சொன்னா?"

"இத்தனை காலம் கையில வச்சிருந்தும் புத்தி கெட்டுப் போயிட்டானே பாவின்னு அவன் போட்டோவைச் சுவத்துப் பக்கமாத் திருப்பி வச்சிட்டா. பொட்டும் இல்லை, மாலையும் இல்லை. மகன்கிட்டயும், 'உங்கப்பன் அலட்சியத்தாலதான் நம்ம குடி கெட்டது'ன்னு சொல்லிச் சொல்லி அழறா. நான் பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

"கேட்டுக்கிட்டு?"

"காபி கொடுத்தா. குடிச்சேன்."

வெளியே காற்று சவுக்கு மரங்களைப் பிடித்து உலுக்கியது. கோதண்டபாணி கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. ஊர் சொல்றது எனக்குப் பத்தலை. நீங்க சொல்லிட்டா அதை நம்பி மிச்ச நாளைக் கழிச்சிடுவேன்."

உமையாள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "அதைக் கொஞ்சம் கொடுங்க."

அவர் உறையைக் கழற்றினார். குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு லிவரை இறக்கி, உள்ளே வெளிச்சம் விழும்படி சாய்த்து அவளுக்குக் காட்டினார். மூடினார். கொடுத்தார்.

அவள் வாங்கி, அவர் செய்தது போலவே லிவரை இறக்கினாள். புதுக் கை, திணறியது. குனிந்து பார்த்தாள். சுண்டுவிரலை உள்ளே விட்டுத் துழாவினாள். மூடினாள்.

"ஒண்ணும் இல்லை," என்று நீட்டினாள்.

அவர் வாங்கி உறைக்குள் செருகப் போனார்.

"நீங்க பாக்கலையே."

"நீங்கதான் இப்போ பாத்தீங்களேம்மா. உங்க வார்த்தை போதாதா எனக்கு?"

சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் வெளிறியது. துப்பாக்கி கையில் பாதி உறையோடு நின்றது.

"என் வார்த்தையை விடுங்கய்யா," என்றாள் உமையாள். "நீங்க திறந்து பாருங்க."