நீலி பின்னிய மப்ளர்

ஒரு மலைக்காட்டில் நீலி என்ற கருமந்தி இருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி, பெயர் பொட்டு. போன வருஷத்து உறைபனியில் பொட்டுவுக்குத் தொண்டை கட்டிப் பத்து நாள் குரலே வரவில்லை. இன்னொரு முறை கழுத்தில் பனி பட்டால் போன குரல் திரும்பாது என்று வைத்தியம் பார்த்த கரடி சொல்லிவிட்டது. அதனால் பனி இறங்குவதற்குள் குட்டிக்கு ஒரு மப்ளர் பின்னிவிட வேண்டும் என்று நீலி கிளம்பினாள்.

மேய வரும் செம்மறிகள் முட்செடிகளில் விட்டுப்போன கம்பளியைப் பொறுக்கி நூலாகத் திரித்தாள். மூங்கிலைச் சீவிக் கொக்கி ஊசி செய்தாள். கண்ணிக்குள் ஊசியை விட்டு, நூலை இழுத்து, அடுத்த கண்ணி போடுவதை மலை அணில் ஒரே காலையில் சொல்லிக்கொடுத்தது. அணில் பின்னலில் கெட்டிக்காரி.

முதல் வரிசையில் நாற்பது கண்ணி. நீலிக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் அணிலைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அக்கா, நீங்க புதுசுன்னு யாராவது சொல்வாங்களா? எனக்கே பொறாமையா இருக்கு!" என்றது அணில்.

நீலிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு கை நிறையத் தவிட்டுப்பழம் கொடுத்தாள். அதன்பின் அணில் கூப்பிடாமலே வர ஆரம்பித்தது.

ஆறாவது வரிசை முடிந்த அன்று, மரத்தடியில் கிழங்கு தோண்டிய முள்ளம்பன்றி அண்ணாந்து பார்த்தது. மேலே தொங்கிய பின்னலின் கோணல் கீழிருந்து பளிச்சென்று தெரிந்தது.

"நீலி, கோவிச்சுக்காத. வரிசைக்கு ஒரு கண்ணி குறையுது. ஓரத்துக் கண்ணி மடங்கி ஒளிஞ்சுக்கும், அதை நீ விட்டுடுற. இப்பவே பிரிச்சுப் போட்டா ஒரு நாள் வேலைதான்."

"உன் முதுகுல இருக்கிற முள்ளு போதாதா? நாக்குலயும் முளைச்சிருக்கா?" என்று நீலி சீறினாள். கையில் கிடைத்த காயை எடுத்து அதன்மேல் எறிந்தாள். முள்ளம்பன்றி தோண்டிய கிழங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு வயிற்றெரிச்சல் என்று அணில் ஆறுதல் சொல்லி, அன்றைக்கு இரண்டு கை பழம் வாங்கிக்கொண்டது.

வரிசைகள் ஏற ஏறப் பின்னல் மெலிந்தது. பாதி அகலம் ஆனபோது நீலிக்கே சந்தேகம் வந்தது. நுனி ஒல்லியாக இருந்தால்தான் முடிச்சுப் போட அழகு என்று அணில் சொன்னது. பிரித்துப்போட மனசில்லாத நீலி அதை நம்பினாள். அவளுக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான்.

ஒருநாள் விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. நீலி அவசரமாக மப்ளரை எடுத்துக் குட்டிக்குச் சுற்றினாள். அகலமான முனை பிடரியை மூடியது. தொண்டைக்கு வந்ததோ வெறும் கயிறு!

நீலி முள்ளம்பன்றியிடம் ஓடினாள். அது பழசையெல்லாம் கிளறவில்லை. உடனே வந்து, முழுவதையும் பிரிக்கச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாக எண்ணிக்கொடுத்தது. மப்ளர் முடிய ஐந்து நாளானது. பொட்டுவின் குரல் இரண்டாம் நாளே போய்விட்டது.

வழக்கம்போலப் பழத்துக்கு வந்த அணிலிடம் நீலி கேட்டாள்: "குறையுறது உனக்குத் தெரியாதா?"

"ரெண்டாவது வரிசையிலேயே தெரியும்க்கா. சொன்னா உங்க மனசு நோகுமேன்னு இருந்துட்டேன்" என்றது அணில், பழக்குவியலைப் பார்த்தபடி.

அணிலைத் திட்டக்கூட நீலிக்கு யோக்கியதை இருக்கவில்லை.

பொட்டுவின் கழுத்தில் இப்போது அளவான மப்ளர் இருக்கிறது. பசித்தாலும் பயந்தாலும் குட்டி வாயை மட்டும் திறக்கிறது. நீலி திரும்பிப் பார்த்தால்தான் அவளுக்குத் தெரியும்.

குறையைச் சொல்பவரை விரட்டிவிட்டுப் புகழ்பவருக்குப் படியளப்பவர், தம் தவற்றின் பலனைத் தம்மை நம்பியிருப்பவர் தலையில் கட்டுகிறார்.