கஸ்பார் அண்ணாச்சி போட்ட கடைசி ஓவர்

எங்கள் தெரு கிரிக்கெட் அணி மூன்று வருடமாக ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. மே மாதப் போட்டியில் உப்பளத் தெருக்காரன்களிடம் தோற்பது, பிறகு அவன்களுக்கு மீன்குழம்பு வைத்துப் போடுவது. தோற்றவன் சமைக்க வேண்டும், ஜெயித்தவன் ஏப்பம் விடும்வரை நின்றுகொண்டே பரிமாற வேண்டும். இதுதான் வழக்கம். நான் கேப்டன். எச்சில் இலை எடுத்து எடுத்து எனக்கு வெட்கமே விட்டுப்போயிருந்தது. இந்த வருடமும் கரண்டி பிடித்தால் பேட்டை அடுப்பில் வைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

போட்டிக்கு முதல்நாள் எங்கள் பந்துவீச்சாளன் ஜெனோ வள்ளத்தில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டான். கடற்கரையில் உட்கார்ந்து அவன் காலையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கஸ்பார் அண்ணாச்சி வந்தார். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயும் அந்தக் கப்பல் அளவுக்கு இருக்கும்.

"ஏம்ல கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீய? நான் இருக்கேம்லா? அமெரிக்காவுல பேஸ்பால் பந்து போட்டே சம்பளம் வாங்குனவம்ல நான்!"

"நீங்க கப்பல்ல வெங்காயம்லா உரிச்சீய?" என்றான் எங்கள் கீப்பர் சில்வெஸ்டர்.

"அதுலதான்ல கதையே இருக்கு. துறைமுகத்துல கப்பல் நிக்கி. அழுகுன உருளைக்கிழங்கு ஒண்ணைக் கடல்ல வீசுதேன். அது கடல்ல விழணும்லா? விழல. கிரேனைத் தாண்டி, மாதாகோயில் கோபுரத்தைத் தாண்டி, அங்க ஒரு ஸ்டேடியத்துல மட்டையோட நின்னவன் முன்னால சர்ருனு போயிருக்கு. அவன் பந்துன்னு நெனச்சு மட்டையச் சுத்தி, அவுட்டு! மறுநாள் அந்த டீம் முதலாளி கிழங்கைக் கையில பிடிச்சிக்கிட்டு, இதை எறிஞ்ச மகராசன் யாருன்னு கப்பல் கப்பலா ஏறி விசாரிக்கான்."

"அழுகுன கிழங்கையா?"

"குறுக்க பேசாதல. பேஸ்பால்ல ஸ்டம்பு கிடையாது. மண்ணு மேடு ஒண்ணு இருக்கும். அதுல நின்னு, தரையில குத்தாம நேரா விடணும். எதிர்ல ஒருத்தன் குத்தவச்சு, தோல் உறையை மாட்டிக்கிட்டுப் பிடிப்பான். நான் போட்ட மொத பந்துலயே உறை பத்திக்கிட்டு! அதுல இருந்து பக்கத்துல வாளித் தண்ணி இல்லாம அவன் உக்காரவே மாட்டான். நம்ம சூட்டை வீணாக்குவனா? உறை மேல ரெண்டு முட்டையை உடைச்சு ஊத்தி, டீமுக்கே ஆம்லேட் போட்டேன்."

"உப்பு?"

"அவன் கை வேர்வை போதும்ல."

ஜெனோ சுளுக்கை மறந்து சிரித்துவிட்டான். கஸ்பார் அண்ணாச்சிக்கு அது போதும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"வேகத்தைக் கேட்டுட்டீய. மெதுவாப் போடுததுதான்ல வித்தை. ஒருநா ஞாயித்துக்கெழம. பூசைக்கு மணி அடிச்சிட்டு. பந்தை விட்டுட்டுக் கோயிலுக்குப் போனேன். பூசை, பிரசங்கம் எல்லாம் முடிஞ்சு வந்து பாக்கேன், பந்து பாதி வழியிலதான் வந்துக்கிட்டிருக்கு. மட்டையோட நின்னவனுக்குத் தாடி வளந்துட்டு. அவன் பொண்டாட்டி அங்கயே சோறு கொண்டாந்து ஊட்டிக்கிட்டிருக்கா."

"பிரசங்கம் நம்ம சாமியார் வச்சாராக்கும்," என்றான் சில்வெஸ்டர்.

"கடைசியில ஊருக்குப் பொறப்படும்போது கஸ்டம்ஸ்காரன் மறிச்சிட்டான். நீரு போவும், அந்த வலது கை எங்க நாட்டுச் சொத்து, அதைக் கழட்டி வச்சிட்டுப் போவும்னுட்டான்."

"அப்ப இது யாரு கை?"

அண்ணாச்சி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மாத்துக் கைல. அதுலயே நாளைக்கு என்ன நடக்குன்னு பாரு."

புளுகு என்று எனக்குத் தெரியும். ஆனால் நாலாவது வருடம் எச்சில் இலை எடுக்கப்போகிறவன் எதைத்தான் நம்பமாட்டான்? சேர்த்துக்கொண்டேன். அவருக்கு முழங்கால் தாங்காது என்பதால் கடைசி ஓவரை மட்டும் கொடுப்பதாக ஏற்பாடு.

மறுநாள் கடைசி ஓவரில் உப்பளத் தெருவுக்கு எட்டு ரன் வேண்டும். ஒன்பதாவது விக்கெட் விழுந்து, நிற்பது கடைசி ஜோடி. அண்ணாச்சி முதலில் காலால் மண்ணைக் கூட்டிச் சின்ன மேடு கட்டினார். அதில் ஏறி, இடது முழங்காலை மார்புவரை தூக்கி, கையைப் பின்னால் மடக்கி, விட்டார் பாருங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பந்து கண்ணுக்கே தெரியவில்லை. சில்வெஸ்டர் பிடித்துவிட்டு "அம்மா" என்று கத்தினான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த உருளைக்கிழங்குகூட நிஜமாக இருக்குமோ என்று நினைத்தேன்.

அம்பயர் கையை நீட்டினார். "நோ பால். மாங்கா!"

மாங்காய் அடிப்பதுபோலக் கையை மடக்கி எறிந்தால் எங்கள் ஊரில் அதுதான் பெயர். பேஸ்பாலே மொத்தமும் மாங்காதான் என்பது அதுவரை எங்கள் யார் புத்திக்கும் எட்டவில்லை. நோ பாலுக்கு ஒரு ரன், அந்தப் பந்தும் கணக்கில் சேராது. அடுத்ததும் மாங்கா. அதற்கடுத்ததும் மாங்கா.

நான் ஓடினேன். "அண்ணாச்சி, கையை நீட்டிப் போடுங்க!"

"கையை நீட்டுனா அது பந்து போடுததால? துணி காயப்போடுதது."

பந்து போடுபவனுக்கு அடிபட்டால்தான் நடு ஓவரில் ஆள் மாற்றலாம். "அப்ப அடிபட்ட மாதிரி உக்காந்திருங்க, உங்க கால்ல விழுதேன்," என்றேன்.

"மேட்டுல ஏறுன கஸ்பார் எறங்குனதா சரித்திரமே இல்லல!"

எட்டு மாங்கா. ஓவரில் ஒரு பந்துகூட முடியாமல் ஆட்டம் முடிந்தது.

சாயங்காலம் குழம்பு வைத்ததும் அண்ணாச்சிதான். அதில் மட்டும் அவர் புளுகவில்லை, தெருவே மணத்தது. நாங்கள் நின்றோம், உப்பளத் தெரு உட்கார்ந்து சாப்பிட்டது. அப்போதும் அந்த மனுசன் கரண்டியை ஓங்கிக்கொண்டு அவன்கள் கேப்டன் பேச்சிமுத்து முன்னால் போய் நின்றார்.

"நெஞ்சுல கைய வச்சுச் சொல்லு. நான் போட்ட எட்டுப் பந்துல ஒண்ணாவது உங்க மட்டையில பட்டுச்சா?"

பேச்சிமுத்து விரலைச் சூப்பிவிட்டு நிமிர்ந்தான்.

"படல அண்ணாச்சி. அதான் கை வலிக்காம சாப்பிடுதோம். இன்னொரு துண்டு வைங்க."