தலைவர் படத்துக்கு ஏறின மாலை

எங்க பஜார் வியாபாரிகள் சங்கத் தலைவர் தில்லைநாயகம், பாத்திரக்கடை முதலாளி. அவரு தொப்பை முன்னால வரும், அவரு பின்னால வருவாரு.

ஆண்டுவிழா அன்னிக்குக் காலைல, சங்கக் கட்டட வாசல்ல பூக்கட்டுற முத்துப்பேச்சி அக்காவை அதட்டினாரு.

"ஏ பூக்காரி, சாயங்காலம் நீ எனக்குப் போடுற மாலை கடைசி வரிசைக்கும் தெரியணும். ஆனா என் பட்டுச்சட்டையில பூ படக்கூடாது. கறை பட்டுச்சு, நாளைக்கே இந்த வாசலைக் காலி பண்ணிரு!"

"சட்டையில படாம எப்படிங்க முதலாளி?"

"அது உன் பாடு."

"சரிங்க"ன்னுச்சு அக்கா. சாயங்காலம் ஆளுயர ரோசாமாலையைத் தூக்கிட்டு வந்து, வாசல்ல வச்சிருந்த தலைவரோட பெரிய கட்டவுட்டுக்குப் போட்டுச்சு.

அவ்வளவுதான்! படத்துக்கு மாலை விழுந்தா என்ன அர்த்தம்னு பச்சப்புள்ளைக்கும் தெரியுமே. பஜாரே ஆடிப்போச்சு.

"ஐயய்யோ, காலைல கூட என்னைத் திட்டினாரேய்யா!"ன்னு ஒரு கடைக்காரரு தலையில அடிச்சுக்கிட்டாரு.

துக்கத்துக்குக் கடையடைக்கிறது சங்க வழக்கம். ஷட்டரெல்லாம் கடகடன்னு இறங்கிருச்சு. மேளக்காரங்க பாதியில நிறுத்திட்டாங்க. கார்ல வந்து எறங்கின தலைவரைப் பாத்து ரெண்டு பேரு அலறிக்கிட்டு ஓடினாங்க.

"ஏ, அதை எடு மொதல்ல!"ன்னு அக்காவைப் பாத்துக் கத்தினாரு தலைவர்.

"எடுத்தா உங்க கழுத்துலதான் போடணும் முதலாளி. சட்டை கறையாச்சுன்னா என் வாசல் போயிருமே!"

தலைவர் மேடைக்கு ஓடிப்போய் மைக்கைப் புடிச்சாரு. "நான் உசுரோடதான் இருக்கேன்! அந்த வாசல் எப்பவும் முத்துப்பேச்சிக்குத்தான்!"

மூச்சு வாங்கிக்கிட்டு உக்காரத் திரும்பினாரு. அவரு நாற்காலியில துணைத்தலைவர் கால்மேல கால் போட்டு உக்காந்திருக்காரு.