கல்லுக்கு நாடி பார்த்த கரடி

வைத்தியத்துக்கு எதுவும் கொடுக்கவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம் என்று ஒரு காடு இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா, கண்ணுகளா?

ஒரு காட்டில் கரடி வைத்தியர் இருந்தார். யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார், வரிசைப்படிதான் பார்ப்பார். ஆற்றுக்கு அக்கரைக் காட்டில் கொக்கு வைத்தியர். அங்கே வரிசையே கிடையாது. கேட்டதைக் கொடுத்தால் உடனே மருந்து.

ஒருநாள் மந்தியின் குட்டியைக் குளவிகள் கொட்டிவிட்டன. முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. மந்தி அவனைத் தூக்கிக்கொண்டு கரடியிடம் ஓடினாள். வரிசையில் நாற்பது இடம்.

"உன் முறை நாளை மறுநாள் வரும்" என்றார் கரடி.

கிளைக்குக் கிளை தாவி அக்கரை போனாள். கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடியே குட்டியைப் பார்த்தார்.

"இப்போதே குணமாக்கலாம். நீ குடியிருக்கும் அத்திமரத்தைக் கொடுத்துவிடு."

"அதில் பத்துக் குடும்பம் இருக்கிறதே, ஐயா."

"அப்படியானால் பத்துக் குடும்பமும் கூடிப் பேசிவிட்டு வாருங்கள்."

பேச நேரம் எங்கே இருக்கிறது? மந்தி திரும்பி வந்தாள். அப்போதுதான் வரிசையை உற்றுப் பார்த்தாள். நாற்பதில் நின்றது மூன்றே பேர். மற்றதெல்லாம் இடம் பிடிக்க வைத்த கல்.

முதல் கல், சேற்றில் புரண்டுகொண்டிருந்த காட்டுப்பன்றியுடையது.

"உங்களுக்கு என்ன நோவு, அண்ணே?"

"இன்னும் ஒன்றும் இல்லை. ஓசிதானே, போட்டு வைத்தேன்."

அடுத்த கல் ஆமையுடையது. "எனக்கு மழைக்காலத்தில்தான் இருமல் வரும். நான் வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும்" என்றது ஆமை.

குகை வாசலில் கரடி, "பன்றி, பன்றி" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். மந்தி முதல் கல்லை எடுத்துப்போய் அவர் கையில் வைத்தாள்.

"வந்துவிட்டார், ஐயா. நாடி பாருங்கள்."

கரடியும் பழக்க தோஷத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "துடிப்பே இல்லையே. சில்லென்று இருக்கிறது."

"அப்படியானால் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்தவரைக் கூப்பிடுங்கள்."

"நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சேற்றுக்குள்ளிருந்து கத்தியது பன்றி.

"பிறகு உனக்கு எதற்கு வைத்தியம்?" என்றார் கரடி. கல்லைப் பள்ளத்தில் உருட்டினார். மற்ற கற்களும் அதன் பின்னாலேயே போயின.

இப்போது முன்னால் நின்றது, நொண்டிக்கொண்டு வந்திருந்த முள்ளம்பன்றி. அது குட்டியின் முகத்தைப் பார்த்தது.

"என் கால் நாளைக்கும் நொண்டும், வைத்தியரே. முதலில் அந்தப் பிள்ளையைப் பாருங்கள்."

நீதி: விலையில்லா வைத்தியமும் வேளைக்குக் கிடைத்தால்தான் வைத்தியம், வேண்டாதவர் விலகினால்தான் அது வேளைக்குக் கிடைக்கும்.