ஒன்று விட்டு ஒன்று

“அம்மா, மனசுல மன்னிக்காம வாயால மன்னிச்சேன்னு சொன்னா அது பொய்தானே?”

இப்படிக் கேட்ட தெய்வானைக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுடைய குரு உண்ணாமலையம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலையடிவாரத்து மடத்தில் எல்லோருக்கும் அவர்தான் குரு. ஆனாலும் தெய்வானையை மட்டும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

குரு பிள்ளையாருக்கு அருகம்புல் கட்டிக்கொண்டிருந்தார்.

“யார்கிட்ட சொல்லணும்?”

“வேற யாரு? என் மகன் குமரவேல்கிட்டதான்.”

மடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், நாலு வருஷத்துக்கு முன் அப்பா இறந்தபோதும் வரவில்லை. ஒரே மகன். கடைசியில் கொழுந்தன் பிள்ளைதான் கொள்ளி வைத்தான்.

“ஆபரேஷன் முடிஞ்சு நான் கிடக்கறேன், வார்டு வாசல்ல வந்து நின்னு அழறான். நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன்மா. அன்னையிலேருந்து தினம் போன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு, வீட்டுக்கு வர்றேங்கறான்.”

“சொல்லலையா?”

“வாயைத் திறந்தா அவங்க அப்பா முகம்தான் முன்னாடி வந்து நிக்குது. இன்னைக்குக் கடைசியா ஒரு தடவை கேப்பானாம். அப்புறம் தொந்தரவே பண்ண மாட்டானாம். மன்னிச்சேன்னு சொன்னா சாமிக்கு முன்னாடி பொய். இல்லேன்னு சொன்னா என் பிள்ளை போயிடுவான். நான் என்ன பண்ணட்டும்?”

குரு புல்லைக் கட்டி முடித்து நூலை அறுத்தார்.

“இன்னைக்குத்தானே உங்க ஆபரேஷன் காயத்துல பின்னை எடுக்கணும்?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“வாங்க, நானும் வர்றேன்.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“ஆட்டோ நிக்குது, அக்கா.”

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறை. பன்னிரண்டு நாளைக்கு முன் தெய்வானைக்குக் கர்ப்பப்பையை எடுத்து, அடிவயிற்றில் இருபத்திரண்டு பின் அடித்து மூடியிருந்தார்கள். கோர்ட்டுக் காகிதத்துக்கு அடிப்பார்களே, அதுபோல.

சிஸ்டர் ரெஜினா கட்டைப் பிரித்தார். கை அப்படியே நின்றது.

“என்ன பாட்டிம்மா இது, சாம்பல்?”

“சாம்பல் இல்ல. விபூதி. கோயில் விபூதி.”

“கட்டைப் பிரிச்சா பூசினீங்க?”

“லேசாத்தான். ஓரத்துல.”

“அந்த ஓரம்தான் சிவந்து கிடக்கு. விபூதியை நெத்தியில பூசுங்க. வயித்தை என்கிட்ட விடுங்க.”

தெய்வானை குருவைப் பார்த்தாள். குரு விபூதி இட்ட தன் நெற்றியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

சிஸ்டர் மருந்துத் தண்ணீரால் துடைத்தார். பிறகு இடுக்கி போன்ற ஒன்றால் முதல் பின்னை நடுவில் அழுத்தினார். பின் இரண்டு பக்கமும் விரிந்து வெளியே வந்தது. எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. முருகா என்று சொல்லத் தொடங்கியவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாவது பின்னை விட்டுவிட்டு மூன்றாவதை எடுத்தார். நாலாவதை விட்டார். ஐந்தாவதை எடுத்தார்.

“சிஸ்டர், நடுவுல நடுவுல விட்டுட்டுப் போறீங்களே!”

“தெரியும் பாட்டிம்மா. ஒண்ணு விட்டு ஒண்ணுதான் எடுப்போம்.”

“மொத்தமா எடுத்துடுங்களேன். வலி பொறுத்துக்கறேன்.”

“வலிக்காக இல்ல. எல்லாத்தையும் ஒரே நாள்ல உருவிட்டு நீங்க எழுந்து ஒரு தும்மல் போட்டா காயம் வாய் பிளந்துக்கும். பாதி எடுத்துட்டுப் பாப்போம். மீதிக்கு வெள்ளிக்கிழமை வாங்க.”

“வெள்ளிக்கிழமை எடுத்துடுவீங்கல்ல?”

“காயத்தைப் பார்த்துட்டுத்தான் சொல்வேன்.”

பதினொரு பின்னும் தட்டில் விழுந்தன. சிஸ்டர் புதுக் கட்டுப் போட்டுக்கொண்டே பேசினார்.

“சோப்புப் போட்டுத் தேய்க்காதீங்க. தண்ணி பட்டா துணியால ஒத்தி எடுங்க. குடம் தூக்கக் கூடாது. இருமல் வந்தா தலையணையை வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இருமணும். சிவப்பு பரவினாலோ சீழ் கண்டாலோ காய்ச்சல் அடிச்சாலோ வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காம ஓடி வாங்க. என்ன சாப்பிடறீங்க?”

“இட்லி. மிளகு ரசம்.”

“முட்டை, பருப்பு?”

“பருப்பு தின்னா சீழ் பிடிக்கும்னாங்களே!”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான்.”

“அந்த எல்லாரையும் ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாங்க. எனக்கு அவங்களோட கொஞ்சம் பேசணும்.”

சிஸ்டர் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அதுவரை ஓரமாக நின்ற குரு கிட்டே வந்தார்.

“சிஸ்டர், பாதிப் பின் இருக்கு, பாதி இல்ல. காயம் ஆறிடுச்சுன்னு எழுதுவீங்களா?”

“அது எப்படி எழுத முடியும்?”

“அப்போ ஆறலன்னு எழுதுவீங்களா?”

“சேர்ந்துக்கிட்டு வருதே. ஆறலன்னு எப்படி எழுதறது?”

“பின்ன?”

சிஸ்டர் பேனாவை நிறுத்தாமல் சொன்னார்.

“ஆறிக்கிட்டு இருக்குன்னு எழுதுவேன். தினம் நாப்பது பேருக்கு அதைத்தான் எழுதறேன்.”

தெய்வானை கட்டிலை விட்டு மெல்ல இறங்கினாள்.

வராண்டாவில் வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. குமரவேல்.

அவள் குருவைப் பார்த்தாள். குரு பக்கத்து பெஞ்சில் இருந்த குழந்தைக்குக் கண்ணாமூச்சி காட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“அம்மா, கடைசியாக் கேக்கறேன். மன்னிச்சிட்டியா?”

“இல்லடா.”



“சரிம்மா. வெச்சிடறேன்.”

“வெச்சிடாத. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வா.”

“அம்மா?”

“வந்து சாப்பிடு. அப்பா படத்துக்கு முன்னாடி மட்டும் போய் நிக்காத. அதை இப்போ என்னால பாக்க முடியாது.”

அவன் கேட்டான்.

“சாப்பிட்டுட்டு?”

“கிளம்பிப் போ.”

“அவ்வளவுதானாம்மா?”

“எதுடா அவ்வளவுதான்? அடுத்த ஞாயித்துக்கிழமையும் வா.”